கணினி கேள்வி-பதில்: டோக்கன் 5 ஏன் போகவில்லை?

கேள்வி: மீன் ஏலத்துக்கு வரும் விசைப்படகுகளின் டோக்கன் எண்களை ஜாவா நிரலில் இன்டீஜர் லிஸ்ட்டாக வைத்திருக்கிறேன். 'ரிமூவ் 5' என்றால் டோக்கன் 5 அப்படியே நிற்கிறது, வேறொன்று போய்விடுகிறது. இரு டோக்கன்களை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் 127 வரை சரி, 128-இல் உதைக்கிறது.
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: லிஸ்ட்டில் ரிமூவ் என்ற பெயரில் இரண்டு மெத்தடுகள் (கட்டளைகள்). வெறும் எண்ணான இன்ட் கொடுத்தால் அது இடம். எண்ணைப் பொதிந்து வைக்கும் இன்டீஜர் போன்ற ஆப்ஜெக்ட் கொடுத்தால் மதிப்பு. இடம் 0-இல் தொடங்குவதால் நீங்கள் தூக்கியது வரிசையில் ஆறாவது டோக்கனை. ஐந்தே டோக்கன் இருந்திருந்தால் எக்ஸெப்ஷன் என்ற பிழை வந்து அன்றே பிடிபட்டிருக்கும். இன்டீஜர் வேல்யூஆஃப் வழியாக 5-ஐ ஆப்ஜெக்ட்டாக்கிக் கொடுங்கள்.

-128 முதல் 127 வரையிலான இன்டீஜர்களை ஜாவா முன்பே செய்து வைத்துப் பகிர்கிறது. அதைத் தாண்டினால் வழக்கமாகப் புது ஆப்ஜெக்ட். சமக்குறி பார்ப்பது ஒரே ஆப்ஜெக்ட்டா என்பதை மட்டுமே, ஈக்வல்ஸ் போடுங்கள்.

ஃபாஸ்ட்யூட்டில் என்ற ஜாவா லைப்ரரியில், வெறும் இன்ட்களையே வைக்கும் இன்ட்லிஸ்ட்டில் இந்தக் குழப்பமில்லை: இடத்தால் நீக்க ரிமூவ்இன்ட், மதிப்பால் நீக்க ரெம். ஓர் எண்ணுக்கு 4 பைட். சாதாரண லிஸ்ட்டில் 64-பிட் ஜாவாவில் பெரும்பாலும் 20. ஆனால் சில நூறு படகுகளுக்கு இந்தச் சிக்கனம் எதற்கு? டோக்கனைக் கீயாகவும் மீன் அளவை மதிப்பாகவும் இணைத்து வைக்கும் அதன் மேப்பிலும் ஒரு கண்ணி உண்டு: இல்லாத கீயைக் கேட்டால் 0 வரும். படகு வரவில்லையா, வலை காலியா? கீ இல்லாதபோது வரும் டிஃபால்ட் ரிட்டர்ன் வேல்யூவை -1 ஆக்கினால்தான் தெரியும்.

என் கட்சி வேறு. டோக்கனைக் கூட்டிக் கழிக்கப் போவதில்லையே, அது ஏன் இன்டீஜர்? ஜாவா 16 முதல் உள்ள, மதிப்புகளைச் சுமக்கும் எளிய வகையான ரெக்கார்டாக 'டோக்கன்' செய்யுங்கள். ஈக்வல்ஸ் தானாக வரும், ரிமூவும் குழம்பாது. வெளியே 'கொடு', 'ரத்துசெய்', 'இருக்கிறதா' என்று மூன்றே மெத்தடுள்ள இன்டர்ஃபேஸ், உள்ளே அர்ரேலிஸ்ட். லிஸ்ட்டையே எக்ஸ்டெண்ட் செய்து (நீட்டி) எழுதாதீர்கள், வேண்டாத மெத்தடெல்லாம் கூடவே வந்துவிடும்.

கேள்வி: படகு லிஸ்ட்டுக்கும் மீன் லிஸ்ட்டுக்கும் 'அச்சிடு' என்று ஒரே பெயரில் இரு மெத்தடுகள் எழுதினால் கம்பைலர் மறுக்கிறதே?
– வாசகி, புதுச்சேரி

பதில்: 2004-இல் ஜாவா 5-உடன் வந்த ஜெனரிக்ஸில், லிஸ்ட்டுக்குள் இருப்பது படகா மீனா என்ற வகை, கம்பைல் ஆனதும் அழிந்துவிடும், இரண்டுமே வெறும் லிஸ்ட். பெயரை மாற்றுங்கள்.