தேர்தல்ல தப்பு நடந்தா உடனே கோர்ட்டுக்கு போயி நிறுத்த முடியாதா?

முடியாதுங்க. நாமினேஷன்ல ஆரம்பிச்சு ரிசல்ட் வர்ற வரைக்கும் கோர்ட் நடுவுல வராது, இத 1952லயே நம்ம நாமக்கல் பொன்னுசாமி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, தன்னோட வேட்புமனுவ தள்ளுபடி பண்ணாங்கன்னு கோர்ட்டுக்கு போனவருக்கு, தேர்தல் முடிஞ்சப்புறம் தான் வழக்கு போடணும்னு பதில். 2019ல நம்ம வேலூர் எம்.பி. எலெக்‌ஷன் நின்னுச்சேன்னு கேப்பீங்க, அது கோர்ட் நிறுத்தல, கட்டுக்கட்டா பணம் புடிச்சதால தேர்தல் கமிஷன் சொல்லி ஜனாதிபதி ரத்து பண்ணது, அப்புறம் ஆகஸ்ட் 5 தான் ஓட்டு போட்டோம்.

ரிசல்ட் வந்து 45 நாளுக்குள்ள மனு போடணும். எம்.எல்.ஏ., எம்.பி.ன்னா சத்துவாச்சாரியில இருக்குற நம்ம வேலூர் மாவட்ட கோர்ட்ல ஆவாது, மெட்ராஸ் ஹைகோர்ட் தான். சும்மா தப்பு நடந்துச்சுன்னா பத்தாது, பெரும்பாலும் அதால ரிசல்ட்டே மாறியிருக்கும்னு காட்டணும், லஞ்சம் மாதிரி முறைகேட்ட ஜெயிச்சவரே பண்ணார்னு நிரூபிச்சா அதுவே போதும்.

எனக்கு வயிறு எரியறது தாமதத்துல தான். ராதாபுரம் எம்.எல்.ஏ. தொகுதியில 2016ல 49 ஓட்டு வித்தியாசம், தபால் ஓட்டு தகராறு, ஹைகோர்ட் மறுபடி எண்ணச் சொன்னதே 2019ல, எண்ணியும் முடிவ வெளியிட சுப்ரீம் கோர்ட் தடை, அதுக்குள்ள அஞ்சு வருஷமே ஓடிப்போச்சு. ஆறு மாசத்துல முடிக்கப் பாக்கணும்னு சட்டத்துலயே இருக்குதுங்க.