ஆங்கில மரபுத்தொடர்களுக்குச் சொல்லப்படும் பிறப்புக் கதைகள் உண்மைதானா?

பெரும்பாலும் இல்லை. கதை எவ்வளவு சுவையாக இருக்கிறதோ, அவ்வளவு சந்தேகப்படுங்கள்.

கொட்டோ கொட்டென்று மழை பெய்வதைச் சொல்லும் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' (நாயும் பூனையுமாக மழை பொழிகிறது) வைக்கோல் கூரையிலிருந்து வந்ததா என்று குறிப்பாகக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அலுவலகத்திலும் யாரோ ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எங்களுக்கும் எடுத்தார்கள். அந்த எரிச்சலில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் மொழியியல் படித்தவன் இல்லை. பி.காம், கணக்குப் பிரிவில் வேலை. "வந்துட்டாருய்யா ஆக்ஸ்ஃபோர்டு புரொபசர்" என்று கீழே எழுதத் துடிப்பவர்கள் தாராளமாக எழுதிக்கொள்ளலாம். அகராதியைப் புரட்டிப் பார்க்கப் பட்டம் வேண்டியதில்லை.

வந்த பயிற்சியாளர் நன்றாகத்தான் பேசினார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் நாயும் பூனையும் குளிருக்குக் கூரை வைக்கோலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளுமாம், மழை வலுத்தால் வழுக்கிப் பொத்துப்பொத்தென்று விழுமாம். எங்கள் பாட்டி வீடு கூரை வீடுதான். பூனை ஏறும், சரி. நாய் எப்படி ஏறும்? இது 1999இல் '1500களில் வாழ்க்கை' என்ற பெயரில் மின்னஞ்சலில் ஊர் ஊராகச் சுற்றிய கட்டுக்கதை. அச்சில் கிடைப்பது வேறு. 1650களில் வெளிவந்த ரிச்சர்ட் புரோமின் நாடகத்தில் நாயும் போல்கேட் என்ற, கீரி போன்ற விலங்கும் மழையாகப் பொழிகின்றன. இன்று நாம் சொல்லும் வடிவம் 1738இல் ஜோனதன் சுவிஃப்ட் எழுதிய நையாண்டி உரையாடலில் வருகிறது. ஏன் நாய், ஏன் பூனை என்பதற்கு அறிஞர்களிடையே முடிவான பதில் கிடையாது. பயிற்சியாளர்களுக்கு அது போதாது போல.

குளித்த தண்ணீரோடு குழந்தையையும் கொட்டாதே என்ற தொடருக்கும் அதே மின்னஞ்சலில் ஒரு கதை உண்டு. வீட்டில் எல்லோரும் ஒரே தண்ணீரில் குளித்து, கடைசியில் குழந்தை முறை வரும்போது தண்ணீர் அவ்வளவு அழுக்காகி, உள்ளே இருக்கும் குழந்தையே தெரியாதாம். உண்மையில் அது ஜெர்மன் பழமொழி. 1512இல் தாமஸ் முர்னர் எழுதிய நையாண்டி நூலில், ஒரு பெண் தொட்டித் தண்ணீரைக் குழந்தையோடு சேர்த்துக் கவிழ்க்கும் மரச்செதுக்குப் படமே இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அது 19ஆம் நூற்றாண்டில் எழுத்தாளர் தாமஸ் கார்லைல் வழியாகத்தான் வந்தது. கடைசி நொடியில் தப்பிப்பதைச் சொல்லும் 'சேவ்ட் பை தி பெல்' தொடரின் மணியும், உயிரோடு புதைக்கப்பட்டவர் கல்லறைக்குள்ளிருந்து அடித்ததாகச் சொல்லப்படும் மணி இல்லை. குத்துச்சண்டையில் சுற்று முடிய அடிக்கும் மணி.

இதெல்லாம் போகட்டும் என்று சும்மாதான் இருந்தேன். கடைசியில் 'பைட் தி புல்லட்' வந்தது. 1857இல் கொழுப்புத் தடவிய தோட்டாவைக் கடிக்கச் சொன்னான் வெள்ளைக்காரன், மறுத்தார் மங்கள் பாண்டே, பிறந்தது இந்தத் தொடர் என்றார். அரங்கமே கைதட்டியது. நான் கையைத் தூக்கினேன்.

மங்கள் பாண்டேயை நான் குறைத்துப் பேசவில்லை, தயவுசெய்து அந்தப் பக்கம் இழுக்காதீர்கள். சிப்பாய்கள் பல்லால் கிழிக்க வேண்டியிருந்தது வெடிமருந்து சுற்றிய காகித உறையை, குண்டை அல்ல. அதைவிட, அந்தத் தொடரின் பொருளே பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிக்கொள் என்பது. கடிக்கவே மாட்டேன் என்று நின்றவரின் கதையிலிருந்து அது எப்படி வரும்? சவுக்கடி வாங்கும் சிப்பாய் கத்தாமல் இருக்க ஈயக் குண்டை மெல்வதைச் சில படைப்பிரிவுகள் கௌரவமாக நினைத்ததாக, 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஃபிரான்சிஸ் குரோஸின் கொச்சைமொழி அகராதி சொல்கிறது. 1857க்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பு. 1891இல் கிப்ளிங் தன் நாவலில் இன்றைய பொருளிலேயே எழுதிவிட்டார்.

இதில் பாதிகூட சொல்லி முடிக்கவில்லை. "சார், எல்லாரும் என்ஜாய் பண்றாங்க, விடுங்களேன்" என்றார் எச்.ஆர். மேடம். அந்த வருட அப்ரைசலில் 'குழு மனப்பான்மை' கட்டத்தில் எனக்கு என்ன விழுந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். நேர்காணலிலோ மேடையிலோ ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும் என்றால் 'ஸ்டீல் மை தண்டர்' (எனக்குச் சேர வேண்டிய பெயரை இன்னொருவர் தட்டிக்கொண்டு போவது) சொல்லுங்கள். ஜான் டென்னிஸ் என்ற நாடக ஆசிரியர் 1709இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் தன் நாடகத்துக்காக இடி முழக்கம் எழுப்பப் புதிய முறை ஒன்றைக் கண்டுபிடித்தார். நாடகம் ஓடவில்லை, தூக்கிவிட்டார்கள். கொஞ்ச நாளில் அங்கே 'மேக்பெத்' பார்க்கப் போனால், மேடையில் அவருடைய இடி! என் நாடகத்தை ஓடவிட மாட்டார்கள், என் இடியை மட்டும் திருடிக்கொள்வார்கள் என்று அங்கேயே கத்தினாராம். இது பழைய பதிவுகளிலேயே இருக்கும் சம்பவம். யாராவது கையைத் தூக்கினாலும் பயமில்லாமல் பதில் சொல்லலாம்.