மரத்துண்டில் மலிவு விலை அக்ரிலிக் மார்க்கர்: கேள்வி பதில்

கேள்வி: மலிவு விலை அக்ரிலிக் மார்க்கர் தொகுப்பு ஒன்றை வாங்கினேன். காகிதத்தில் கோடு துல்லியமாக விழுகிறது. மரத்துண்டில் ஓரங்கள் பிசிறடிக்கின்றன. மார்க்கர் தரமற்றதா?

பதில்: மார்க்கரைக் குறை சொல்லும் முன் மரத்தைப் பாருங்கள். மரத்தின் இழை நெடுகிலும் நுண்குழாய்கள் ஓடுகின்றன; நீர் கலந்த மை அவற்றுக்குள் ஏறி, இழையின் திசையிலேயே பரவுகிறது. அதனால்தான் இழைக்குக் குறுக்கே இழுத்த கோடு அதிகமாகப் பிசிறடிக்கும், இழையோடு இழுத்த கோடு ஓரளவு ஒழுங்காக நிற்கும். மலிவு வகைகளில் மை பெரும்பாலும் நீர்த்திருப்பதால் இந்தக் குறை சற்றுக் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான்.

240 எண் உப்புத்தாளால் இழையின் திசையில் தேய்த்து, தூசியைத் துடைத்து, ஈரத்துணியால் ஒற்றிக் காயவிடுங்கள். ஈரம் பட்டதும் படிந்து கிடந்த நார்கள் எழும். அவற்றை 320 எண் தாளால் மெல்ல நீவிவிட்டு, மேட் அக்ரிலிக் வார்னிஷை மெல்லிய பூச்சாக ஒருமுறையோ இருமுறையோ பூசுங்கள். பளபளப்பு வார்னிஷ் வேண்டாம். அந்த வழவழப்பில் மை பிடிக்காமல் திரளும். எதைச் செய்தாலும், முதலில் அதே துண்டின் பின்பக்கத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள்.

கேள்வி: எம்.டி.எஃப் பலகைக்கும் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) இதே முறைதானா?

பதில்: பெரும்பாலும் ஆம். ஆனால் ஈரம் பட்டால் அது உப்பும், அதனால் ஈரத்துணியால் ஒற்ற வேண்டாம். வெட்டிய ஓரங்கள் மிகுதியாக உறிஞ்சும் என்பதால் அங்கு மட்டும் இன்னொரு பூச்சு கொடுங்கள்.

கேள்வி: மஞ்சளை மூன்று முறை பூசியும் மரத்தின் நிறம் மறையவில்லை. மேலும் பூசப் பூச முனையில் நார் சேர்கிறது.

பதில்: மஞ்சளுக்கு இயல்பிலேயே மறைக்கும் திறன் குறைவு. டைட்டானியம் டையாக்சைடு நிறமி கொண்ட வெள்ளை நன்றாக மறைக்கும். அதை அடிப்பூச்சாகக் கொடுத்து, முழுவதும் காய்ந்தபின் மஞ்சளைப் பூசுங்கள். அடிப்பூச்சு அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது மேலே தேய்த்தால், முனை அதைச் சுரண்டி எடுத்துவிடும்; உங்கள் முனையில் சேர்வது அந்தச் சுரண்டலும் மரத்தின் நாரும்தான். அதை ஈரத்தாளில் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

கேள்வி: வரைந்து முடித்து வார்னிஷ் பூசினால் கறுப்புக் கோடுகள் கரைந்து இழுபடுகின்றன.

பதில்: தூரிகையின் ஈரமும் உராய்வும் சேர்ந்து இழுக்கின்றன. ஒரு நாள் முழுவதும் காயவிட்டு, முதல் பூச்சை ஸ்பிரே வார்னிஷால் பனித்தூறல்போல மெல்லியதாக அடியுங்கள். அது காய்ந்தபின் தூரிகையைப் பயன்படுத்தலாம். பின்பக்கத்துக் கோட்டின் மேல் இதையும் முதலில் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: பிளைவுட்டில் மை பரவுகிறது. என்ன செய்வது?

பதில்: முதல் பதிலைப் பார்க்கவும்.

கேள்வி: வார்னிஷுக்குச் செலவு செய்வானேன்? வெள்ளைப் பசையை நீரில் கலந்து அடிப்பூச்சாகப் பூசுகிறேன். கோடு அழகாக நிற்கிறது.

பதில்: கோடு நிற்கும் என்பதை மறுக்கவில்லை, ஏனெனில் பசையும் நுண்குழாய்களை அடைக்கும். ஆனால் சாதாரண வெள்ளைப் பசை காய்ந்த பின்னும் ஈரம் பட்டால் இளகும். நீங்கள் அதன் மேல் வைப்பதோ நீர் கலந்த மை. ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை தேய்க்கும்போது அடியிலுள்ள பசை இளகி, மையோடு சேர்ந்து உரிந்துவரக்கூடும். பிறகு ஈரக்காற்றிலும் ஈரக்கையிலும் அதே ஆபத்து தொடர்கிறது.

கேள்வி: (அதே நண்பர்) என் அலங்காரத் துண்டுகள் சுவரில் அப்படியேதான் இருக்கின்றன. நீங்கள் மிகைப்படுத்துகிறீர்கள்.

பதில்: சுவரில் தொங்கும் துண்டை யாரும் தொடுவதில்லை, ஈரமும் படுவதில்லை, அங்கே பசை தாங்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கோப்பைத் தாங்கியோ சாவிக்கொத்தோ அப்படியல்ல. பசை பூசிக் காய்ந்த பழைய துண்டொன்றின் மேல் நனைத்த பஞ்சைப் பத்து நிமிடம் வைத்துவிட்டு, நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வார்னிஷ் பூசிய துண்டிலும் அதையே செய்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

கேள்வி: இந்த மார்க்கரால் மரக்கரண்டியில் வரையலாமா? உறையில் ‘நச்சற்றது’ என்றிருக்கிறது.

பதில்: உணவோ வாயோ படும் பகுதியில் வேண்டாம். நச்சற்றது என்ற சொல் வரைபொருளாகப் பயன்படுத்துவதைப் பற்றியது. உணவோடு தொடர்ந்து பட்டால் பாதுகாப்பானது என்று அதற்குப் பொருளில்லை. மேலே வார்னிஷ் பூசினாலும் இந்தப் பதில் மாறாது. கைப்பிடியின் நுனியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தை கடிக்கும் பொம்மையிலும் வரைய வேண்டாம்.

கேள்வி: எண்ணெய் பெயிண்ட் மார்க்கர் இதைவிட நல்லதா?

பதில்: அது வேறு கரைப்பான், வேறு வேலைமுறை. அதைப் பழகியவரிடம் கேளுங்கள்.

கேள்வி: என் பைன் மரத்துண்டில் மை பரவுகிறது. மேலும் கணு இருந்த இடத்தில் வெள்ளை நிறம் மஞ்சளாகிவிட்டது.

பதில்: பரவுவதற்கு மூன்றாம் முறையாகப் பதில் எழுதமாட்டேன், மேலே இருக்கிறது. கணுவைப் பற்றிய கேள்வி புதியது. கணுவிலுள்ள பிசின் மெல்ல ஊறி மேலே வருகிறது. அக்ரிலிக் பூச்சு அதைத் தடுக்காது. மெழுகு நீக்கிய ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சைக் கணுவின் மேல் முதலில் பூசினால் கறை பெரும்பாலும் கட்டுப்படும். நிறம் மாற நாளாகலாம் என்பதால், சோதனைத் துண்டைச் சில வாரங்களாவது வைத்துப் பாருங்கள்.