சின்ன வயதில் பார்த்த ஒரு பழைய ஹாலிவுட் படத்தை வருடங்கள் கழித்து வீட்டில் மறுபடி பார்த்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது?

எனக்கு அந்தப் படம் 'ராண்டம் ஹார்வெஸ்ட்'. 1942இல் எம்ஜிஎம் எடுத்தது, மெர்வின் லெராய் இயக்கம், ரொனால்ட் கோல்மனும் கிரீர் கார்சனும் ஜோடி. தொண்ணூறுகளின் கடைசியில் கேபிளில் கார்ட்டூன் நெட்வொர்க் ராத்திரி முடிந்ததும் அதே சேனலில் டிஎன்டி ஆரம்பிக்கும், ஞாபகம் இருக்கிறவர்கள் இருப்பீர்கள். பழைய கருப்பு வெள்ளைப் படங்களாகப் போடுவார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில் ஒருநாள், வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு இதைப் பார்த்தேன். இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது. ஆனால் கதை புரிந்தது, கடைசியில் அழுதேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், முடிவையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன். முதல் உலகப் போரில் அடிபட்டு, தான் யார் என்பதே மறந்துபோன ஒரு சிப்பாய் மெல்பிரிட்ஜ் என்ற ஊரின் மனநல விடுதியில் இருக்கிறான். அவனுக்கு அங்கே வைத்த பெயர் ஜான் ஸ்மித், பின்னால் செல்லமாக ஸ்மித்தி. 1918 நவம்பரில் போர் முடிந்த செய்தி வந்து ஊரே கொண்டாடுகிற ராத்திரி, காவல்காரர்களும் கொண்டாடப் போய்விட, திறந்து கிடக்கிற வாசல் வழியாகப் பனிமூட்டத்துக்குள் நடந்துவிடுகிறான். ஒரு புகையிலைக் கடையில் பாலா என்ற மேடைப் பாடகி அவனைப் பார்க்கிறாள், கூட்டிக்கொண்டு போய் ஒளித்து வைக்கிறாள், பிறகு டெவன் பக்கம் ஒரு கிராமத்தில் கல்யாணம் செய்துகொண்டு குடித்தனம் நடத்துகிறார்கள். குழந்தையும் பிறக்கிறது. பத்திரிகை வேலைக்காக அவன் லிவர்பூல் போகிறான், ரோட்டில் ஒரு வண்டி இடிக்கிறது. பழைய நினைவு எல்லாம் திரும்ப வருகிறது, ஆனால் நடுவில் இருந்த மூன்று வருடம் மொத்தமாகப் போய்விடுகிறது. அவன் உண்மையில் சார்லஸ் ரெய்னியர், பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளை. பாலாவை வழித்துத் துடைத்த மாதிரி மறந்துவிட்டான். பையில் ஒரு சாவி மட்டும் இருக்கிறது, எந்தக் கதவுடையது என்று தெரியாத சாவி.

பதினாறு வயதில் நான் பார்த்தது இவ்வளவுதான்: இவனுக்கு எப்போது ஞாபகம் வரும்? இரண்டு மணி நேரமும் அதற்காகவே உட்கார்ந்திருந்தேன். வந்தது, சந்தோஷமாகப் போய்ப் படுத்துவிட்டேன்.

போன வருடம் டிவிடி கிடைத்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, அதனால் நான் நடுநடுவே நிறுத்தி நிறுத்திக் கதை சொல்ல வேண்டியிருந்தது. அந்த நிறுத்தல்தான் எனக்குப் படத்தைத் திறந்து காட்டியது என்று நினைக்கிறேன், ஏனென்றால் நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் திரையில் உறைந்து நின்றது கிரீர் கார்சனின் முகம்.

படம் பாதியை நெருங்கும்போது ஒரு காட்சி. ரெய்னியர் இப்போது பெரிய தொழிலதிபர், ஆபீசில் உட்கார்ந்திருக்கிறார். செக்ரெட்டரியைக் கூப்பிடுகிறார். கதவு திறந்து மிஸ் ஹான்சன் உள்ளே வருகிறாள். பாலா! பின்னணி இசை முழங்கவில்லை, அவரும் தலை நிமிர்ந்து திடுக்கிடவில்லை, வழக்கமான ஆபீஸ் வேலையைப் பேசுகிறார், அவளும் வழக்கமான செக்ரெட்டரி மாதிரி பதில் சொல்கிறாள். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "ஏய், இவ அவன் பொண்டாட்டி இல்ல?" என்றார். ஆமாம்மா. "அவனுக்குத் தெரியலயா?" தெரியல. "இவளுக்கு?" தெரியும். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். படத்துக்கு மூலம் ஜேம்ஸ் ஹில்டன் 1941இல் எழுதிய நாவல். நாவலில் இந்த விஷயம் கடைசிப் பக்கம் வரைக்கும் ரகசியம். ரெய்னியரின் இப்போதைய மனைவிதான் அந்தப் பழைய பாலா என்பது முடிவில்தான் வாசகனுக்கே தெரியும், எழுத்தில் முகம் தெரியாது என்பதால் அதை மறைக்க முடிந்தது. சினிமாவில் முடியாது, அவள் வந்து நின்ற மறுநொடியே நமக்குத் தெரிந்துவிடும். அதனால் அந்தத் திருப்பத்தை அவர்கள் கைவிட்டுவிட்டு, நடுவிலேயே நம்மிடம் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். அந்த நிமிடத்திலிருந்து, அந்த அறையில் இருக்கிற ஆண்பிள்ளைக்குத் தெரியாத ஒன்று நமக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். அவளோடு சேர்ந்து நாமும் அந்த ரகசியத்தைச் சுமக்கிறோம். வேறு வழியில்லாமல் செய்த மாற்றமாக இருக்கலாம், ஆனால் என் கணக்கில் நாவலைவிடப் படம் பெரிதாவது இங்கேதான்.

அவள் ஏன் சொல்லவில்லை? அம்மாவும் அதைத்தான் கேட்டார், கோபமாகவே கேட்டார். "சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, வாய் என்ன கொழுக்கட்டையா?" அவளுக்கு வேண்டிய ஒரு டாக்டர் சொல்லாதே என்கிறார். நீயாகச் சொன்னால் அவர் நம்புவார், கடமைக்காக உன்னை ஏற்றுக்கொள்வார், ஆனால் உன்னைப் பார்த்து அவருக்கு ஒன்றும் தோன்றாது, பரிதாபத்துக்குப் பெண்டாட்டியாக இருக்கச் சம்மதமா என்கிற மாதிரி. குழந்தை இறந்துபோனதும், ஒருநாள் பேப்பரில் அவர் படத்தைப் பார்த்ததும் எல்லாம் அந்தப் பேச்சில்தான் நமக்குத் தெரிய வருகிறது. குழந்தை போன விஷயத்தை அவள் எவ்வளவு குரல் உயர்த்தாமல் சொல்கிறாள் என்று கவனியுங்கள். சிறு வயதில் எனக்கு அந்தக் காட்சியே ஞாபகத்தில் தங்கவில்லை.

முக்கால்வாசிப் படம் ஓடினபோது அம்மா சட்டென்று, "இது நம்ம அமர தீபம் கதைடா" என்றார். எனக்கு முன்பே படித்துத் தெரியும், ஆனால் சொல்லாமல் வைத்திருந்தேன், அவராகக் கண்டுபிடித்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். 1956இல் ஸ்ரீதர் எழுதி, டி. பிரகாஷ் ராவ் இயக்கி, சிவாஜி, சாவித்திரி, பத்மினி நடித்த படம், இதன் தாக்கத்தில் வந்ததுதான். சின்னப் பெண்ணாக டூரிங் டாக்கீஸில் மணலில் உட்கார்ந்து பார்த்ததாம். உடனே "ஜாலிலோ ஜிம்கானா" என்று முணுமுணுத்தார். அப்புறம் அவரே யோசித்து ஒன்று சொன்னார்: "அதுல ரெண்டு பொண்ணு. இதுல ஒருத்திதான், அவளே ரெண்டு பேரா இருக்கா." எந்த விமர்சனத்திலும் இவ்வளவு நறுக்கென்று நான் படித்ததில்லை. நம் படத்தில் இரண்டு நாயகிகள், ஒருத்தி விலகித்தான் ஆக வேண்டும். இங்கே ரெய்னியர் மனசில் பேர் தெரியாத, முகம் தெரியாத ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்காக எதையோ தேடிக்கொண்டே இருக்கிறார். அந்தப் பெண்ணைப் பார்த்து ஏங்குகிறவளும் அவளேதான். தன் இடத்தில் தானே உட்கார்ந்துகொண்டு தனக்கே வழிவிட முடியாத நிலை.

சரி, மணி மாலை வருகிற காட்சிக்கு வருவோம். அவர் பார்லிமெண்ட் உறுப்பினர் ஆகிவிட்டார், திறமையான துணை வேண்டும் என்பதற்காக செக்ரெட்டரியையே கல்யாணம் செய்துகொள்கிறார், இரண்டு கம்பெனிகள் சேருகிற மாதிரி ஒரு ஏற்பாடு. கல்யாண நாளுக்கு விலை உயர்ந்த மரகத நகை ஒன்றை அவள் கழுத்தில் போடுகிறார். அவள் நன்றி சொல்கிறாள், சிரிக்கிறாள். பிறகு தன் அறைக்குப் போய் ஒரு சின்னப் பெட்டியைத் திறக்கிறாள், உள்ளே மலிவான மணி மாலை. குழந்தை பிறந்த சமயத்தில் ஸ்மித்தி தன் சொற்ப சம்பாத்தியத்தில் வாங்கிக் கொடுத்தது. நான் அங்கே நிறுத்தினேன். விளக்கம் சொல்ல வாயெடுத்தேன், அம்மா கையைக் காட்டி வேண்டாம் என்றார். புரிந்துவிட்டது. தன் கழுத்தில் கிடந்த செயினைத் தொட்டுக்கொண்டார், அது அப்பா வாங்கிக் கொடுத்தது இல்லை, பிறந்த வீட்டுச் செயின். அப்பா வாங்கிக் கொடுத்தது எதுவோ, எங்கே போனதோ, நான் கேட்கவில்லை.

கோல்மனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அவருடைய பெரிய சொத்தே குரல், வெண்ணெய் மாதிரி வழுக்குகிற குரல். படத்தின் முதல் அரைமணி நேரத்தில் அந்தக் குரலையே அவரிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். ஸ்மித்துக்குப் பேச்சு வராது, ஒவ்வொரு வார்த்தையும் தொண்டையில் மாட்டிக்கொண்டு வெளியே வரும். பாலாவிடம் பேசப் பேசத்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகும். ரெய்னியர் ஆனபிறகு அந்தப் பழகின அழகான குரல் வரும்போது அவர் அந்நியராகிவிட்டது காதிலேயே தெரிகிறது. கோல்மன் நிஜத்திலும் முதல் உலகப் போரில் சண்டை போட்டவர். லண்டன் ஸ்காட்டிஷ் படைப்பிரிவில் இருந்து, 1914 அக்டோபரில் மெசீன் சண்டையில் காலில் அடிபட்டவர். இந்தப் படத்தில் நடிக்கும்போது 51 வயது, 1918இன் சிப்பாய்க்கு அது அதிக வயதுதான், முகத்தில் தெரிகிறது. ஆனால் ஆஸ்பத்திரியில், காணாமல்போன மகனைத் தேடி வந்த வயதான தம்பதி இவனைப் பார்த்து இவன் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறபோது அவர் கண்ணில் வருகிற ஏமாற்றம் இருக்கிறதே, அதற்கு வயது கிடையாது.

கிட்டியாக வரும் சூசன் பீட்டர்ஸையும் தவறவிடாதீர்கள். ரெய்னியரைக் காதலித்துக் கல்யாணம் வரை வந்துவிட்ட சின்னப் பெண். தேவாலயத்தில் கல்யாணத்துக்குப் பாட்டு தேர்ந்தெடுக்கும்போது, ஒரு பாட்டைக் கேட்டு அவர் முகம் மாறுகிறது. அவர் தன்னை யாரோ போலப் பார்த்ததை அவள் கண்டுகொள்கிறாள், அங்கேயே கல்யாணத்தை நிறுத்திவிடுகிறாள். துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து, 1945 புத்தாண்டு அன்று வேட்டைக்குப் போன இடத்தில் குண்டு பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது, 1952இல் 31 வயதில் இறந்துபோனார். இது தெரிந்த பிறகு அந்தத் தேவாலயக் காட்சியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

படம் வந்தபோதே கேலி செய்தவர்கள் உண்டு. ரொனால்ட் கோல்மனின் மறதியில் இரண்டு மணி நேரம் ஆர்வமாக இருக்க முடிந்தவர்களுக்கும், காலையில் ஒரு கிண்ணம் யார்ட்லி ஷேவிங் சோப்பை ருசித்துச் சாப்பிட முடிந்தவர்களுக்கும் இந்தப் படத்தைச் சிபாரிசு செய்கிறேன் என்று ஜேம்ஸ் ஏஜீ எழுதினார். பெரிய விமர்சகர், நான் மதிக்கிறவர், ஆனால் இதில் அவர் சொன்னதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம்ப முடியாத இடங்கள் இருக்கின்றன. வருடக்கணக்காகப் பக்கத்திலேயே இருக்கிறவள் குரல்கூடவா ஒன்றையும் கிளறாது? மூன்று வருடம் மட்டும் கத்தரித்து எடுத்த மாதிரி மறக்குமா? பார்லிமெண்ட் வாழ்க்கை வருகிற பகுதி இழுக்கிறது. எல்லாம் சரி. ஆனால் கூடவே இருந்தும் அடையாளம் தெரியாமல் வாழ்வது என்பது நிஜம், அதைக் காட்டுவதற்கு இந்தக் கதைக்கு மறதி என்ற ஒரு வழி வேண்டியிருந்தது. மெலோடிராமாவிடம் நான் எதிர்பார்ப்பதும் இதைத்தான். ஏழு ஆஸ்கர் பரிந்துரை வந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த வருடம் கார்சன் விருது வாங்கியது 'மிஸஸ் மினிவர்' படத்துக்கு. என்னைக் கேட்டால் இதற்குக் கொடுத்திருக்க வேண்டும்.

கடைசிப் பகுதி. மெல்பிரிட்ஜ் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம், அதைப் பேசி முடிக்க ரெய்னியர் போகிறார். பேச்சு முடிந்ததும் தொழிலாளர்கள் தெருவில் கொண்டாடுகிறார்கள். பனிமூட்டம், கூட்டம், சத்தம், எல்லாம் 1918 ராத்திரி மாதிரியே. சிகரெட் வேண்டும், அந்த மூலையில் திரும்பினால் ஒரு சின்னப் புகையிலைக் கடை இருக்கிறது என்று அவர் போகிற போக்கில் சொல்கிறார். கூட வந்த ஆள் நின்றுவிடுகிறான். இந்த ஊருக்கு வந்ததே இல்லை என்றீர்களே, கடை இருப்பது எப்படித் தெரியும்? முதல் தடவை பார்த்தபோது இந்த இடத்தில் எனக்குப் புல்லரித்தது. இந்தத் தடவையும் புல்லரித்தது, ஆனால் மனசு முழுக்க டெவன் பக்கம் இருந்த அவளிடம் இருந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளிநாடு கிளம்பிவிட்டவள், போகிற வழியில் அந்தப் பழைய கிராமத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள்.

அந்தக் குடிசை வீட்டு வாசலில் ஒரு பூத்த மரக்கிளை தாழ்ந்து தொங்கும், கேட் கிரீச்சிடும். கல்யாணமான புதிதில் அவன் குனிந்து உள்ளே வருவதைப் பார்த்திருப்போம். இப்போது வயதான மனுஷனாக வருகிறார், அதே கேட், அதே சத்தம், கிளை மேலே உரசுகிறது. பையிலிருந்து அந்தச் சாவியை எடுத்துக் கதவில் போடுகிறார். அது திரும்புகிறது. பின்னால் கேட் பக்கத்திலிருந்து "ஸ்மித்தி" என்று ஒரு குரல்.

அம்மா ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார், பட்டன் எது என்று கேட்டார். கேட்டைத் திறக்கிற இடத்திலிருந்து இன்னொரு தடவை போடச் சொன்னார்.