ஜப்பான் கடலோரம், இருவருக்கு ஒரு நாள்: கேள்வி-பதில்

டோக்கியோவில் 4 நாள் தங்குகிறோம். அதில் ஒரு நாள் கடல் பக்கம். காமகுரா, எனோஷிமா, அதாமி மூன்றையும் முடித்துவிடலாமா? மனைவிக்கு மூட்டு வலி உண்டு.

முடிக்கலாம், ஆனால் ரயில் நிலையங்களைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். அதாமியை விட்டுவிடுங்கள். காமகுராவும் எனோஷிமாவும் ஒரே தடத்தில் இருக்கின்றன, ஒரு நாளுக்கு அதுவே நிறைவு.

டோக்கியோ நிலையத்திலிருந்து யோகோசுகா லைனில் ஒரு மணி நேரத்தில் காமகுரா. அங்கே எனோடென் ரயிலுக்கு மாறுங்கள். மொத்தமே 10 கி.மீ. ஓடும் குட்டி ரயில் அது. வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசுவதுபோல் வளைந்து வளைந்து போகும். முதலில் ஹாசேயில் இறங்கி, 11 மீட்டருக்கும் மேல் உயரமான வெண்கலப் புத்தரைப் பாருங்கள். திரும்ப ஏறும்போது இடது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். இனாமுராகசாகி தாண்டியதும் வீடுகள் சட்டென்று விலகி, கடல் ஜன்னல் முழுக்க விரியும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே நான் அந்த ரயிலில் ஏறுவேன்.

எனோஷிமா தீவுக்குப் பாலத்தில் நடந்தே போகலாம். உள்ளே படிகள் நிறைய. மேலே ஏற 'எஸ்கார்' என்று கட்டண எஸ்கலேட்டர் இருக்கிறது, தயங்காமல் டிக்கெட் எடுங்கள். இறங்குவதற்கு அது கிடையாது, அதனால் இறங்கும்போது நிதானமாக வாருங்கள்.

டிசம்பர் என்றால் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும், காலையிலேயே கிளம்புங்கள். குளிர்காலத்தில் வானம் தெளிவாக இருப்பதால் ஃபூஜி மலை தெரிய நல்ல வாய்ப்பு உண்டு. அப்புறம், கடற்கரையில் கையில் தின்பண்டத்தோடு நிற்காதீர்கள். பின்னாலிருந்து பருந்து வந்து கொத்திக்கொண்டு போய்விடும். எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள்.

எனோஷிமாவுக்கு ஜோடியாகப் போனால் பிரிந்துவிடுவார்கள் என்று கணவரின் ஜப்பானிய நண்பர் சொன்னாராம். மனசுக்கு உறுத்தலாக இருக்கிறது.

உறுத்தல் வேண்டாம். அங்கே குடியிருக்கும் பென்சைதென் பெண் தெய்வம், ஜோடிகளைக் கண்டால் பொறாமைப்படுவாள் என்று ஒரு பேச்சு உண்டு. ஹிரோஷிமா பக்கத்திலுள்ள மியாஜிமா தீவைப் பற்றியும் இதையே சொல்வார்கள். ஆனால் அந்தத் தெய்வம் யார் தெரியுமா? நம் சரஸ்வதிதான். பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பான் போய்ச் சேர்ந்தவள். எனோஷிமாவின் எண்கோண மண்டபத்தில் அவள் சிலை இருக்கிறது. கையில் வீணைக்குப் பதில் பிவா என்ற நரம்புக் கருவி.

தீவின் தலபுராணமும் ஒரு காதல் கதைதான். ஊரை அழித்துவந்த ஐந்து தலை டிராகன் அவளைக் கண்டு மனம் மாறியதாம். அந்தக் கதையின் பெயரில் மேலே ஒரு மணி இருக்கிறது. ஜோடிகள் சேர்ந்து அடித்துவிட்டு, பக்கத்து வேலியில் பூட்டு மாட்டுவார்கள். நீங்களும் அடித்துவிட்டு வாருங்கள்.

இருவரும் சைவம். கடலோர ஊர்களில் என்ன சாப்பிடுவது?

கொஞ்சம் சிரமம்தான். காய்கறி நூடுல்ஸ் சூப்பில்கூட 'தாஷி' இருக்கும், பெரும்பாலும் அது மீன் சாறு. ஓரளவு பாதுகாப்பானது கன்வீனியன்ஸ் ஸ்டோரில் கிடைக்கும் உமே ஒனிகிரி, அதாவது உப்பில் ஊறிய புளிப்புப் பழம் வைத்த சோற்றுருண்டை. நம் ஊறுகாய் சாதத்துக்குப் பக்கத்தில் வரும். இரண்டிரண்டாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

வெந்நீர் ஊற்றில் கணவனும் மனைவியும் சேர்ந்து குளிக்க முடியுமா?

பொதுக் குளியலில் ஆண், பெண் தனித்தனி. 'காஷிகிரி புரோ' என்று கேளுங்கள். உங்கள் இருவருக்கு மட்டும் நேரக் கணக்கில் தரும் தனி அறை அது.

ஜேஆர் பாஸ் எடுக்கலாமா?

ஜப்பான் முழுக்க ஜேஆர் ரயில்களில் சுற்றுவதற்கான பாஸ் அது. பக்கத்து ஊர்களுக்கு மட்டும் போவதென்றால் வேண்டாம். 2023 அக்டோபரில் 7 நாள் பாஸ் 50,000 யென்னாக உயர்ந்தது.

மியாஜிமாவில் கடலில் மிதக்கும் சிவப்பு வாசலைப் பார்க்க எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

கடிகாரத்தைவிடக் கடல் ஏற்ற இறக்க அட்டவணைதான் முக்கியம். நீர்மட்டம் 250 செ.மீ.யைத் தாண்டினால் வாசல் மிதப்பதுபோல் தெரியும். 100 செ.மீ.க்குக் கீழே வந்தால் அதன் அடிவரை நடந்து போகலாம். உச்ச ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே சுமார் ஆறு மணி நேரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போனால் இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வாய்ப்பு அதிகம். ஹிரோஷிமாவிலிருந்து ரயிலில் அரை மணி, படகில் 10 நிமிடம்தான். அதனால் பாதி நாளாவது தீவிலேயே இருங்கள்.

இப்போதுள்ள வாசல் 1875-இல் எழுப்பியது. கற்பூர மரத் தூண்களைக் கடலடியில் புதைக்கவில்லை, தன் எடையால் நிற்கிறது. கிட்டே போனால் தூணின் அடியில் சிப்பிகள் ஒட்டியிருப்பதும், விரிசல்களில் யாரோ நாணயம் செருகியிருப்பதும் தெரியும். வேண்டுதல் என்று நீங்களும் செருகாதீர்கள். மரம் கெட்டுப்போகிறது.

கியோத்தோவிலிருந்து இனே என்ற மீனவ ஊரின் படகு வீடுகளை ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாமா?

போக மட்டும் மூன்று மணி நேரம் ஆகும்: அமானோஹாஷிதாதே வரை ரயிலில் இரண்டு, அங்கிருந்து பஸ்ஸில் ஒன்று. கீழே படகு, மேலே குடித்தனம் என்று விரிகுடாவைச் சுற்றி சுமார் 230 வீடுகள். அவசரமாகப் பார்க்கிற இடமில்லை அது. ஓர் இரவு தங்க முடியாதென்றால் அமானோஹாஷிதாதேயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 3.6 கி.மீ. மணல்திட்டு முழுக்கப் பைன் மரங்கள், சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். மலை மேலிருந்து குனிந்து கால்களுக்கு நடுவே பார்த்தால், திட்டு வானத்துக்கு ஏறும் பாலம்போல் தெரியும். ஒருவர் குனியும்போது மற்றவர் பிடித்துக்கொள்ளுங்கள், தலை சுற்றும்.