19 வயது மகனின் கையில் பீர் கேன்: டெக்சாஸ் சட்டமும் 21 என்ற வரம்பும்

கேள்வி: டெக்சாஸில் டாலஸ் பக்கம் இருக்கிறோம். கணவருக்கு எச்-1பி வேலை விசா, எனக்கும் மகனுக்கும் அவரைச் சார்ந்தோருக்கான எச்-4 விசா. கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறோம். மகனுக்கு 19 வயது, ஆஸ்டினில் படிக்கிறான். ஃபுட்பால் ஆட்டத்துக்கு முன் பார்க்கிங்கில் நண்பர்களோடு நின்றபோது போலீஸ் குற்றம் சாட்டி டிக்கெட் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கையில் இருந்தது திறக்காத பீர் கேன், குடிக்கவே இல்லை என்கிறான். அபராதத்தைக் கட்டி முடித்துவிடலாமா? விசாவுக்குப் பாதிப்பு வருமா? "18 வயதில் பட்டாளத்தில் சேர்த்துக்கொள்கிற நாடு, பீருக்கு மட்டும் 21 என்பது என்ன நியாயம்? வழக்குப் போட்டால் நிற்காதா?" என்கிறார் கணவர். வீட்டு விசேஷத்தில் அவனுக்கு நாங்களே கொஞ்சம் வைன் கொடுத்தால் அதுவும் குற்றமா?

பதில்: முதலில் டிக்கெட்டைக் கவனியுங்கள், கணவரின் கேள்வி காத்திருக்கலாம். டிக்கெட்டில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். டெக்சாஸ் மதுபானச் சட்டத்தின் 106ஆம் அத்தியாயம்தான் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கானது. 106.02 என்றால் வாங்கியது, 106.04 என்றால் குடித்தது, 106.05 என்றால் வைத்திருந்தது, 106.07 என்றால் வயதைப் பொய்யாகச் சொன்னது அல்லது போலி அடையாள அட்டை காட்டியது. உங்கள் மகனுக்குப் பெரும்பாலும் 106.05தான் போட்டிருப்பார்கள். அப்படியானால் "குடிக்கவே இல்லை" என்பது எதிர்வாதமே ஆகாது. மது அவன் வசம் இருந்ததுதான் குற்றம். கேன் திறந்ததா, மூடியதா என்று சட்டம் கேட்பதில்லை. ஊதிப் பார்க்கும் சோதனையும் தேவையில்லை. கேன் அவன் கையில் இல்லாமல் பத்துப் பேர் சுற்றி நின்ற ஐஸ் பெட்டியில் கிடந்திருந்தால் "அது என் வசம் இல்லை" என்று வாதாட இடமுண்டு. கையிலேயே இருந்தது என்கிறீர்கள். அந்த வழி அடைபட்டுவிட்டது.

இது கிளாஸ் சி வகைச் சிறுகுற்றம். அபராதம் அதிகபட்சம் 500 டாலர், சிறை கிடையாது. ஆனால் வேகமாக ஓட்டியதற்கு வரும் டிக்கெட்டைப் போல நினைத்து ஆன்லைனில் பணம் கட்டிக் கையைக் கழுவ முடியாது. 21 வயது நிரம்பாதவர் இந்த அத்தியாயத்தின் கீழ் குற்றத்தை ஒப்புக்கொள்வதென்றால் திறந்த நீதிமன்றத்தில், நீதிபதி முன்னிலையில் மட்டுமே ஒப்புக்கொள்ளலாம் என்று 106.10 சொல்கிறது. நீங்கள் அவனுக்காகப் போய் நிற்கவும் முடியாது. 19 வயதுக்காரன் அவனேதான் போக வேண்டும். டிக்கெட்டில் உள்ள தேதியைத் தவறவிட்டால் வாரண்ட் வரும். டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிப்பதும் நின்றுபோகலாம். சின்ன வழக்கு பெரிதாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நேராகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றால், முதல் முறைக்கு அபராதத்தோடு 8 முதல் 12 மணி நேரம் சமூகசேவை, 30 நாள் லைசென்ஸ் முடக்கம், மது விழிப்புணர்வு வகுப்பு எல்லாம் சேர்ந்து வரும். அவன் வண்டி ஓட்டும்போது பிடிபடவில்லையே என்று கேட்பீர்கள். லைசென்ஸ் முடங்குவதற்கு வண்டிக்கும் வழக்குக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. வகுப்பை முடித்த சான்றிதழை 90 நாளுக்குள் கோர்ட்டில் கொடுக்காவிட்டால் லைசென்ஸுக்கு இன்னொரு முடக்கமும் விழும்.

இதற்கு மாற்றாக "டிஃபர்டு டிஸ்போசிஷன்" என்ற வழி இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் அல்லது எதிர்க்கவில்லை என்று சொல்ல வேண்டும். நீதிபதி தீர்ப்பை ஒத்திவைத்து, 180 நாள் வரை நிபந்தனைகள் போடுவார். அவற்றை நிறைவேற்றினால் வழக்கு தள்ளுபடி, லைசென்ஸும் முடங்காது. டெக்சாஸில் பிறந்து வளர்ந்த பையன் என்றால் யோசிக்காமல் இதை எடுத்துக்கொள் என்று சொல்லிவிடலாம். அவனுக்குமே ஒரு எச்சரிக்கை உண்டு: மறுபடி பிடிபட்டால் முந்தைய ஒத்திவைப்பு முதல் தண்டனையாகவே எண்ணப்படும்.

உங்கள் மகன் எச்-4ல் இருப்பதால் இன்னொரு கணக்கு இருக்கிறது. குடியேற்றச் சட்டத்தில் தண்டனை என்பதற்குத் தனி வரையறை. ஒப்புக்கொள்ளலும், அதன் மேல் நீதிபதி போட்ட ஏதாவது ஒரு கட்டுப்பாடும் இருந்தால், டெக்சாஸ் கோர்ட் வழக்கைத் தள்ளுபடி செய்த பிறகும் மத்திய அரசு அதைத் தண்டனையாகக் கருதலாம். பதற வேண்டாம். வயதுக்கு முன் பீர் வைத்திருந்தது ஒழுக்கக்கேடான குற்றம் என்ற பட்டியலில் வராது. இதற்காக மட்டும் நாட்டை விட்டு அனுப்ப மாட்டார்கள். ஆபத்து மறைப்பதில்தான். கிரீன் கார்டு படிவம் கைது செய்யப்பட்டீர்களா என்பதோடு டிக்கெட் கொடுக்கப்பட்டதா என்றும் கேட்கும். "சின்ன டிக்கெட்தானே, அதுவும் தள்ளுபடி ஆகிவிட்டதே" என்று "இல்லை" என்ற கட்டத்தில் குறி போட்டால், ஒன்றுமில்லாத விஷயம் பொய்த்தகவல் என்ற பெரிய விஷயமாகிவிடும்.

ஆகவே ஒப்புக்கொள்ளும் முன் குற்றவியல் வழக்கறிஞரும் குடியேற்ற வழக்கறிஞரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஒப்புக்கொள்ளாமலேயே அரசு வழக்கறிஞர் வழக்கைக் கைவிடச் சம்மதிக்கிறாரா என்று முதலில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பையும் சமூகசேவையையும் முன்கூட்டியே முடித்துவிட்டுப் போனால் பேச்சுக்கு வலு இருக்கும்.

வழக்கு எப்படி முடிந்தாலும், முத்திரையிட்ட தீர்ப்பு நகல் குறைந்தது மூன்று வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஒரே ஒரு தண்டனை உள்ளவர், 21 வயதானதும் பதிவை அழிக்கக் கோரி அதே கோர்ட்டில் மனுப் போடலாம். ஆனால் பதிவு அழிந்த பிறகும் குடியேற்ற அதிகாரி தீர்ப்பு நகலைக் கேட்பார். அப்போது கோர்ட்டில் எடுத்துக் கொடுக்க எதுவும் இருக்காது. நகலை வாங்காமல் அழிப்பு மனுவை முதலில் போடுவது, நல்லது செய்வதாக நினைத்துச் செய்கிற கெடுதல். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: 21 வயது ஆனதும் எச்-4 தகுதியும் முடிந்துவிடும். அதற்கு முன் மாணவர் விசாவுக்கு மாற வேண்டி வரும்போது இந்த நகல் முதலில் உதவும்.

வண்டி ஓட்டும்போது பிடிபட்டிருந்தால் இந்தப் பதில் முழுக்க வேறாக இருந்திருக்கும். டெக்சாஸில் 21க்குக் கீழ் உள்ளவரின் உடலில் துளி மது தெரிந்தாலே குற்றம், பெரியவர்களுக்கான 0.08 சதவீத ரத்த மது அளவுக் கணக்கெல்லாம் இல்லை. குடித்து ஓட்டியதாகக் கைதானால், தீர்ப்பு வருவதற்கு முன்பே வெளியுறவுத் துறை விசா முத்திரையை ரத்து செய்வதுண்டு. இதை மகனிடம் தெளிவாகச் சொல்லிவையுங்கள்.

இனி கணவரின் கேள்வி. அவருடைய வாதம் புதிதல்ல, இந்த நாடு ஒருமுறை அதை ஏற்றுக்கொண்டும் பார்த்தது. வியட்நாம் போர்க் காலத்தில், 1971ல், அரசியல் சட்டத்தின் 26ஆவது திருத்தம் ஓட்டுரிமை வயதை 18 ஆக்கியது. அதையொட்டி ஏறக்குறைய 30 மாநிலங்கள் மது வயதையும் குறைத்தன. டெக்சாஸ் 1973ல் 18 ஆக்கியது. பக்கத்து மாநிலத்தில் வயது குறைவென்று எல்லை தாண்டிப் போய்க் குடித்து, இரவில் ஓட்டித் திரும்பிய பிள்ளைகளின் விபத்துகள் கூடின. டெக்சாஸ் 1981ல் 19க்கு ஏற்றியது.

மதுவைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் 21ஆவது திருத்தப்படி மாநிலங்களுடையது. அதனால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நேரடியாக வயதை விதிக்காமல் பணத்தின் வழியே வந்தது. 1984ல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், 21க்குக் கீழ் உள்ளவர்கள் மது வாங்குவதையும் பொது இடத்தில் வைத்திருப்பதையும் அனுமதிக்கும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் முதலாண்டு 5 சதவீதமும் பிறகு 10 சதவீதமும் வெட்டு என்றது. வெட்டு தொடங்கியது 1986 அக்டோபரில். டெக்சாஸ் 21க்கு மாறியது 1986 செப்டம்பர் 1. தேதிகளே காரணத்தைச் சொல்லிவிடும். கடைசியாக 1988ல் வயோமிங் வழிக்கு வந்தது. இன்று அந்த வெட்டு 8 சதவீதம்.

வழக்குப் போட்டால் நிற்குமா? நிற்காது. 19 வயதுக்காரர்களுக்கு 3.2 சதவீத ஆல்கஹால் உள்ள லேசான பீர் விற்க அனுமதித்திருந்த தெற்கு டகோட்டா மாநிலம் போட்டுப் பார்த்தது. 1987ல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று, இது மாநிலத்துக்குக் கொடுக்கும் மென்மையான தூண்டுதல், வற்புறுத்தல் அல்ல என்று தீர்ப்பளித்தது. சமத்துவ வாதமும் எடுபடாது. 1976ல் ஓக்லஹோமா இதே வகை பீருக்குப் பெண்களுக்கு 18, ஆண்களுக்கு 21 என்று வைத்திருந்தது செல்லாது என்றார்கள். அது பாலினப் பாகுபாடு என்பதால். வயதை வைத்துப் பிரிப்பதற்கு அரசு ஏதோ ஒரு நியாயமான காரணம் காட்டினாலே போதும். சாலை விபத்து என்ற காரணம் அதற்குத் தாராளம்.

வழக்கு நிற்காது என்பதால் கணவரின் ஆதங்கம் தவறாகிவிடாது. ஆனால் வயது எண்ணைக் குறைப்பதைவிட, கையில் கேன் வைத்திருந்த 19 வயதுக்காரனைக் குற்றவாளி ஆக்காமல் இருப்பதுதான் சரியான திருத்தம் என்பது என் கருத்து. மத்திய சட்டம் கேட்பது தடை மட்டுமே. இதற்குக் குற்றப்பதிவு வேண்டும் என்று அது சொல்லவில்லை. நியூ ஜெர்சி 2021ல் இதை எழுத்து எச்சரிக்கையாக மாற்றியது. சாலை நிதியில் கை வைக்காமல் டெக்சாஸும் அப்படிச் செய்யலாம்.

வீட்டு விசேஷம்: பெற்றோர் கண்முன் இருக்கும்போது மகன் குடிப்பதை டெக்சாஸ் சட்டம் குற்றமாகக் கருதுவதில்லை. பெற்றோர், சட்டப்படியான காப்பாளர், வாழ்க்கைத்துணை ஆகியோரோடு இந்தச் சலுகை முடிந்தது. மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் அது கிடையாது. நீங்கள் சமையலறையில் இருக்க, மாமா வாசலில் ஊற்றிக் கொடுத்தால் மாமா செய்தது கிளாஸ் ஏ குற்றம்: ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். மகனின் நண்பனுக்கு நீங்கள் ஊற்றினால் உங்களுக்கும் அதேதான்; அவனுடைய அம்மா போனில் சம்மதம் சொன்னார் என்பது உதவாது. அந்த நண்பன் 18 நிரம்பாதவனாக இருந்து, பிறகு விபத்து நடந்தால், நஷ்டஈடு வழக்கும் உங்கள் வீட்டுக்கு வரும்.

ஹாஸ்டல் அறையில் யாராவது அளவு மீறிக் குடித்து மயங்கிக் கிடந்தால், டிக்கெட்டுக்குப் பயந்து பிள்ளைகள் அவசர உதவி எண் 911ஐ அழைக்கத் தயங்குவார்கள். அந்தப் பயம் வேண்டாம் என்று மகனுக்குத் தெரிந்திருக்கட்டும். முதலில் அழைத்தவர் ஆம்புலன்ஸ் வரும்வரை அங்கேயே இருந்து, வந்தவர்களோடும் போலீஸோடும் ஒத்துழைத்தால், குடித்ததற்கோ வைத்திருந்ததற்கோ அவர் மீது வழக்கு நிற்காது. போன் செய்துவிட்டு ஓடிப்போனால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.