அயர்லாந்து வயல்களில் அகழி சூழ்ந்த சதுர மண்மேடுகள் தெரிகின்றனவே, அவை கோட்டைகளா?

பார்த்தால் கோட்டை என்றுதான் தோன்றும். பெரும்பாலானவை வீடுகள், அகழி மனைகள் என்று சொல்லலாம்.

1169-ல் நார்மானியர்கள், அதாவது பிரான்சிலிருந்து போய் இங்கிலாந்தைப் பிடித்தவர்களின் வழிவந்தவர்கள், அயர்லாந்தில் வந்திறங்கினார்கள். அவர்களை ஒட்டி வந்து குடியேறியவர்களில் ஓரளவு வசதியானவர்கள், 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தங்கள் பண்ணை வீட்டைச் சுற்றி வெட்டிக்கொண்ட அகழிகள் இவை. கல்லில் கோட்டை கட்ட வசதி கிடையாது, ஆனால் மாடு ஓட்டிப்போக வருகிறவர்களைத் தடுத்தாக வேண்டும். அகழி வெட்டிய மண்ணை உள்பக்கமே போட்டால் கரையும் எழும்பிவிடும். பக்கத்து ஓடையிலிருந்து தண்ணீரைத் திருப்பிவிடுவார்கள். உள்ளே இருந்த மரக் கட்டடங்கள் மக்கிப்போய்விட்டன, மண் மட்டும் நிற்கிறது.

வெக்ஸ்ஃபோர்டு, கில்கென்னி, டிப்பரரி, கார்க் பக்கம் இவை நிறைய. வட்டமாக இருக்கும் மண்கோட்டைகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை நாடு முழுக்கப் பல்லாயிரம் உண்டு, பெரும்பாலானவை நார்மானியர் வருவதற்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவை.

வெக்ஸ்ஃபோர்டில் ஒரு விவசாயியிடம் கேட்டுக்கொண்டு ஒன்றுக்குள் நடந்து பார்த்திருக்கிறேன். அகழி முழுக்கக் கோரை, கோடையிலும் ஷூ புதைகிற சேறு. அடிப்பகுதி கூம்பாக இல்லை, தட்டையாக, அகலமாக இருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் கரை உடைந்து வழி இருக்கிறது. இப்போது மாடுகள் அதன் வழியாகத்தான் மேலே ஏறுகின்றன. மேலே நின்று பார்த்தால் ஒரு குடும்பமும் நாலைந்து வேலையாட்களும் புழங்கப் போதுமான இடம், அவ்வளவுதான். படை தங்கும் இடமே இல்லை என்பது அங்கே நின்றாலே புரிந்துவிடும்.

ஆனால் எல்லாமே நார்மானியருடையவை என்று எழுதுகிறவர்களோடு நான் உடன்பட மாட்டேன். ராஸ்காமன் மாவட்டத்தில் குளூன்ஃப்ரீ என்ற இடத்தில் இருக்கும் அகழி மனை, அயர்லாந்தின் மேற்குப் பகுதியான கொனாக்டின் அரசன் ஏய் ஓ கானரின் அரண்மனை. ஐரிஷ் அரசன் ஒருவன் குடியேறிகளின் பாணியை எடுத்துத் தனதாக்கிக்கொண்டிருக்கிறான். அந்த வீட்டை, பழம்பெரும் தலைநகரான டாராவே மறுபடி எழுந்து வந்ததாக அவன் காலத்துப் புலவர் பாடியிருக்கிறார். 1306-ல் அது எரிக்கப்பட்டது. 1309-ல் அரசனும் கொல்லப்பட்டான். பாட்டு பிழைத்தது, அகழியும் பிழைத்தது. அயர்லாந்தில் ஒரே ஒரு அகழி மனையைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

பல இடங்களில் வாழ்க்கை சீக்கிரமே முடிந்திருக்கிறது. கார்க் மாவட்டத்து ரிக்ஸ்டேலில் 1970-களில் தோண்டியபோது இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு காலத்து நாணயம் கிடைத்தது, கொஞ்ச காலமே ஆட்கள் இருந்த தடயமும் தெரிந்தது. 1315-ல் ஸ்காட்லாந்து மன்னரின் தம்பி எட்வர்ட் புரூஸின் படையெடுப்பு, கூடவே பஞ்சம், 1348-ல் கொள்ளைநோய் என்று அந்த நூற்றாண்டு குடியேறிகளை உலுக்கி எடுத்துவிட்டது.

இத்தனை நாள் ஏர் படாமல் இவை தப்பியதற்கு ஒரு காரணம் பயம். வட்டமோ சதுரமோ, பழைய மண்மேடுகளில் 'அந்த ஆட்கள்' குடியிருப்பதாக, அதாவது தேவதைகள் இருப்பதாக, ஊர்மக்கள் நம்பினார்கள். அங்குள்ள முள்மரத்தை வெட்டினால் கெடுதல் வரும் என்று கை வைக்க மாட்டார்கள். சட்டத்தைவிட இந்த நம்பிக்கை நன்றாகக் காவல் காத்தது என்றே நினைக்கிறேன்.

சரி, போய்ப் பார்ப்பதென்றால்: தேசிய நினைவுச்சின்ன சேவையின் இணைய வரைபடத்தில் தேடினால் இடம் கிடைக்கும். நிலம் பெரும்பாலும் தனியாருடையது, கேட்டுவிட்டுப் போங்கள். மாடு நிற்கும் வயலின் கேட்டைத் திறந்தால் மூடிவிடுங்கள். மெட்டல் டிடெக்டர் மட்டும் வேண்டவே வேண்டாம், உரிமம் இல்லாமல் அதை வைத்துத் தொல்பொருள் தேடுவது அங்கே குற்றம்.